கடைமடைக்கு வராத குளிர்

தான் உட்காரும் பக்கம் ஏசி சரியாக வருவதில்லை என்று அம்மா சொல்லத் தொடங்கி இரண்டு மாதம் ஆன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. வெயில் உன் பக்கம் அடிக்கிறது. கண்ணாடியை இப்போதுதான் ஏற்றினாய், கொஞ்சம் பொறு. காற்று வரும் துவாரத்தை மேலே திருப்பி வைத்திருக்கிறாய். எல்லாமே பாதி உண்மைகள். அதனால்தான் அவ்வளவு நாள் செல்லுபடியாயின. ஓட்டுபவரின் இருக்கையில் நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு இருந்தேன். பக்கத்து இருக்கையில் அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தார். "உனக்கு என்ன, ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாய்" என்றார் ஒருநாள். அதையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மதியம் போக்குவரத்து நெரிசலில் வண்டி நகராமல் நின்றபோது அம்மா ஒரு காரியம் செய்தார். கியர் தண்டைத் தாண்டிக் கையை நீட்டி, என் பக்கத்துத் துவாரத்தின் முன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஐந்தாறு வினாடி. பிறகு அதே கையைத் தன் பக்கத்துத் துவாரத்துக்குக் கொண்டுபோனார். "இரண்டும் ஒரே இயந்திரத்திலிருந்துதானே வருகிறது? பிறகு எனக்கு மட்டும் ஏன் மிச்சம் மீதி?" என்று கேட்டார். "இல்லை அம்மா, இந்த வண்டியில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி" என்றேன், விவரம் தெரிந்தவனைப் போல. என் வாழ்க்கையில் இவ்வளவு நம்பிக்கையோடு நான் சொன்ன தவறான வாக்கியங்கள் குறைவு.

தனித்தனி என்பது டாஷ்போர்டின் முகத்தில் மட்டும்தான். இரண்டு குமிழ், இரண்டு எண். பின்னால் இருப்பது காற்றைத் தள்ளும் ஒரே ப்ளோயர், ஒரே கூலிங் காயில், ஒரே ஹீட்டர் காயில். உள்ளே வரும் காற்று முழுவதும் முதலில் கூலிங் காயிலைக் கடந்து குளிர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பாகப்பிரிவினை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கதவுகள் இருக்கின்றன. குளிர்ந்த காற்றில் எவ்வளவு நேராகப் போகட்டும், எவ்வளவு எஞ்சினின் சுடுநீர் ஓடும் ஹீட்டர் காயில் வழியாகச் சுற்றிப் போகட்டும் என்பதை அந்தக் கதவுகள் முடிவுசெய்கின்றன. அதாவது நீங்கள் 18 வைத்தாலும் பக்கத்தில் இருப்பவர் 26 வைத்தாலும் குளிர் ஒன்றுதான். அவர் பங்கில் கொஞ்சம் சூடு கலந்து கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். குமிழில் இருக்கும் எண்கூடத் துவாரத்திலிருந்து வரும் காற்றின் வெப்பநிலை அல்ல. வண்டிக்குள் எவ்வளவு இருக்கவேண்டும் என்று நாம் கேட்பது அது. 1964 மாடல் காடிலாக்கில் தானியங்கிக் கட்டுப்பாடு வந்த காலத்திலிருந்தே இதுதான் ஏற்பாடு. 22 என்று வைத்துவிட்டால், அந்த 22-க்கு வந்து சேர 7 டிகிரிக் காற்றும் வரலாம், 50 டிகிரிக் காற்றும் வரலாம். இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அம்மாவிடம் தனித்தனி என்றேன்.

அன்று மாலையே சோதித்தேன். முதலில் எண்களின் குழப்பத்தை ஒழிக்க வேண்டியிருந்தது. ஏசியைத் தானியங்கி நிலையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. டாஷ்போர்டின் மேல் கறுப்புப் பொட்டு போல உட்கார்ந்திருக்கும் சூரிய சென்சார், பல வண்டிகளில் இடம் வலம் பிரித்தே வெயிலை அளக்கிறது. வெயில் படும் பக்கத்துக்குக் கூடுதல் குளிர் அனுப்புகிறது. அப்போது வித்தியாசம் இருப்பதுதான் சரி. ஆனால் இரண்டு பக்கத்தையும் கடைசி வரை திருப்பி, திரையில் லோ என்று வரும்படி வைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் நின்றுபோகும். இரண்டு கதவும் ஹீட்டரை முழுவதும் அடைத்துக்கொள்ள வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே காற்று வரவேண்டும். என் வண்டியில் என் பக்கம் குளிர்ந்தது, அம்மா பக்கம் வெறும் காற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்ற அளவில் இருந்தது. அம்மா சொன்னது சரி. தாமதமாக ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. காரணம் கையில் கிடைத்துவிட்டதாக நினைத்ததுதான் காரணம்.

டிக் டிக் சொன்ன சாட்சி

வண்டியைக் கிளப்பும்போது டாஷ்போர்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் சில நாட்களாக வந்துகொண்டிருந்தது. ஆறேழு முறை அடித்துவிட்டு அடங்கிவிடும். வண்டி ஏசியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த யாரிடம் சொன்னாலும் அடுத்த நொடியே பதில் வரும்: கதவை ஆட்டும் மோட்டார் போய்விட்டது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர், கூடவே டிக் டிக். மூன்றும் சேர்ந்தால் வேறென்ன வேண்டும்? இந்த மோட்டார்கள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை. உள்ளே ஒரு சின்ன மோட்டாரும் நாலைந்து பிளாஸ்டிக் பற்சக்கரங்களும் இருக்கும். பல் உடைந்தால் சக்கரம் வழுக்கி வழுக்கி அந்தச் சத்தத்தைத்தான் கொடுக்கும். கதவு பாதியில் நின்றுவிடும். பழுதுகளில் இது மிகப் பிரபலமானது, பிரபலமாவதற்கு எல்லாத் தகுதியும் உள்ளது. என் குறையெல்லாம், ஒரு பழுது பிரபலமாகிவிட்டால் மற்ற பழுதுகள் எல்லாம் அதன் பெயரில் கைதாகின்றன என்பதுதான்.

புது மோட்டார் வாங்கினேன். கையுறைப் பெட்டியைக் கழற்றி, அது இருந்த குழிக்குள் தலையை நுழைத்து, காலை இருக்கையின் மேல் போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது திருகை விரல்நுனியால் தடவித் தடவிக் கழற்றிய அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. புதியதைப் பொருத்தி, கதவு இரண்டு எல்லைகளையும் தொட்டுப் பழகட்டும் என்று பேட்டரி இணைப்பை எடுத்து மாட்டி, கிளப்பினேன். டிக் டிக் என்றது. லோவில் வைத்தேன். அம்மா பக்கம் அதே வெறும் காற்று.

பல் போகாத சக்கரம்

இரவு சாப்பாடு முடிந்ததும் பழைய மோட்டாரை மேசையில் வைத்துப் பிரித்தேன். கோபத்தில்தான் பிரித்தேன் என்று நினைக்கிறேன். அதன் குற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. நான்கு கொக்கிகளைத் தட்டையான திருப்புளியால் நெம்பியதும் மூடி கழன்றது. உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, பழுப்பேறிய கிரீஸில். ஒவ்வொன்றாக எடுத்து, துணியில் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துச் சுற்றினேன். கட்டைவிரல் நகத்தைப் பற்களின் மேல் ஓடவிட்டேன். சீப்பைத் தடவியது போல, ஒரு தடையும் இல்லாமல் ஓடியது. இரண்டாவது சக்கரம், மூன்றாவது. ஒரு பல்கூட உடையவில்லை, ஒன்றுகூடத் தேயவில்லை. கடைசிச் சக்கரத்தின் அடியில், கதவு எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கறுப்புத் தடம்கூடக் கீறல் இல்லாமல் இருந்தது. நிரபராதி. அதைத் தூக்கில் போட்டுவிட்டு வந்து நான் உடற்கூறு ஆய்வு செய்துகொண்டிருந்தேன்.

அந்த மேசையில்தான் இத்தனை நாளும் கண்முன்னே இருந்த இரண்டு விஷயங்கள் உறைத்தன. முதலாவது: காலையில் வண்டி எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உச்சி வெயிலில், அதுவும் வண்டி நகராமல் நிற்கும்போதுதான் அம்மா பக்கம் மோசமாகும். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் கொஞ்சம் தேறும். கதவு என்பது ஒரு மின்மோட்டாரில் ஆடும் பிளாஸ்டிக் தகடு. அதற்கு எஞ்சின் வேகமும் தெரியாது, மணி பன்னிரண்டா ஆறா என்பதும் தெரியாது. சிக்கிக்கொண்டால் எல்லா நேரத்திலும் ஒரே மாதிரிதான் சிக்கிக்கொண்டிருக்கும். எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப மாறுவது எது? எஞ்சின் பெல்ட்டில் சுற்றி, ஏசியின் கேஸை அழுத்தி ஓடவைக்கும் கம்ப்ரசர். அப்படியானால் வித்தியாசம் கதவுக்கு முன்னாலேயே பிறக்கிறது.

இரண்டாவது: குளிரை மட்டும் சோதித்துப் பார்த்தேனே தவிர, சூட்டைச் சோதிக்கவே இல்லை. மறுநாள் காலை எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் இரண்டு குமிழையும் எதிர்த்திசையில் கடைசி வரை திருப்பினேன். இந்த முறை கையை நம்பவில்லை. சமையலுக்கு வைத்திருந்த, ஊசி போன்ற நுனி கொண்ட தெர்மாமீட்டரை எடுத்துவந்து துவாரத்துக்குள் இரண்டங்குலம் செருகினேன். துப்பாக்கி போலப் பிடித்து அளக்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது காற்றை அளப்பதில்லை, துவாரத்தின் பிளாஸ்டிக்கை அளக்கிறது. என் பக்கம் 58, அம்மா பக்கம் 57. திரும்ப லோவுக்கு வந்தேன். உள்காற்றையே சுற்றவிடும் மறுசுழற்சியை இயக்கி, காற்றை அதிகபட்சமாக வைத்து, வண்டியின் கதவுகளை மூடி, பத்து நிமிடம் பொறுத்தேன். நடுவில் இருக்கும் இரண்டு துவாரங்களில் மட்டும் அளந்தேன், ஓரத்துத் துவாரங்களுக்குக் காற்று நீண்ட குழாய் வழியாக வருவதால் அங்கே இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். என் பக்கம் 8, அம்மா பக்கம் 17. எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கியதும் அந்தப் 17 தயங்கித் தயங்கி 13-க்கு இறங்கியது. விட்டதும் ஏறியது.

சூட்டில் ஒருமித்த இருவர் குளிரில் பிரிகிறார்கள் என்றால், அவர்களைப் பிரிக்கும் கதவு ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: கதவு குளிர்ப் பக்கத்து எல்லையில் மட்டும் சரியாக மூடாமல், ஹீட்டரின் சூடு கசிந்து கலக்கலாம். இப்போதைய பல வண்டிகளில் ஹீட்டர் காயிலுக்குள் சுடுநீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, கோடையிலும்.

குழாயை நெரித்தவர்

அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் ஒரு மெக்கானிக். அவரிடம் போவதற்கு முன்னால் வேறொரு பட்டறையிலும் நின்றேன். அங்கே எஞ்சின் நின்றிருந்தபோதே அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, "ஆறரை பார் இருக்கிறது, கேஸ் ஃபுல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு நான் நிம்மதியாகத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. என் வண்டியின் ஏசிக்குள் சுற்றிக் குளிரைத் தரும் கேஸ் ஆர்-134ஏ. நிற்கும் எஞ்சினில் 30 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் சுமார் 6.7 பார்தான் காட்டும். உள்ளே முழு அளவு இருந்தாலும் அதுதான், பாதி இருந்தாலும் அதுதான். கொஞ்சமாவது திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைத்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. அடுப்பில் சமையல் எரிவாயு உருளை கடைசி நாள்வரை அதே வேகத்தில் எரிவது போல.

இந்த மெக்கானிக் கேஜைத் தொடவே இல்லை. நான் குறித்துவந்த எண்களை ஒருமுறை படித்தார். பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு துணியைச் சுற்றி, அகலவாய்க் குறடால் நெரித்தார். "இப்போது உள்ளே சுடுநீர் போகாது, தம்பி. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து சொல்லுங்கள்" என்றார். உள்ளே உட்கார்ந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீட்டரின் சூடுதான் காரணம் என்றால் இப்போது அம்மா பக்கம் சரசரவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை. 8, 17. "அதே எண்தான், அண்ணா" என்றேன். குறடை எடுத்தார். "சூடு கலக்கவில்லை. குளிரே பாதிதான் இருக்கிறது" என்றார்.

பிறகு கேஸ் முழுவதையும் இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து எடைபோட்டார். பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லையில் 520 கிராம் என்று அச்சிட்டிருந்தது. வந்தது 330.

அம்மாவின் கேள்விக்கு விடை அந்த 190 கிராம். காயிலுக்குள் நுழையும் கேஸ் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. கேஜில் சுமார் 2 பார் காட்டும் அழுத்தத்தில் அது 0 டிகிரியை ஒட்டிய குளிரிலேயே கொதிக்கும். கொதித்து ஆவியாகும்போதுதான் காற்றின் வெப்பத்தைப் பெருமளவில் உறிஞ்சுகிறது. போதிய அளவு இருந்தால் காயிலின் கடைசி மூலைவரை திரவம் போய்க் கொதிக்கும். குறைந்துபோனால் வழியிலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு குழாயில் ஓடுவது வெறும் ஆவி. ஓடுகிறது, ஆனால் குளிர்விப்பதில்லை. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் நடப்பது இதுதான். தலைமடை வயல் எப்போதும் போல நனையும், கடைமடை காயும். தலைமடைக்காரனிடம் கேட்டால் தண்ணீருக்கு என்ன குறை என்பான். என் வண்டியில் கேஸ் நுழையும் முனை என் பக்கத்தில் இருந்தது. வேறு வண்டிகளில் குழாய் எப்படி வளைந்து போகிறதோ அதற்கேற்ப ஓட்டுபவர் பக்கமே கடைமடையாகலாம். காலையில் வித்தியாசம் தெரியாததும் இதனால்தான்: வெயில் குறைவாக இருக்கும்போது வயலின் தாகமும் குறைவு, இருக்கும் தண்ணீர் கடைசிவரை போய்விடுகிறது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே குமிழ், அதாவது ஒரே மண்டலம் உள்ள வண்டியாக இருந்திருந்தால், காயிலைத் தாண்டியதும் இரண்டு பாதிக் காற்றும் பெரும்பாலும் கலந்துபோய், மொத்தத்தில் குளிர் கொஞ்சம் குறைவு என்று மட்டும் தெரிந்திருக்கும். இரண்டு மண்டலம் என்பதால் நடுவே ஒரு தடுப்புச்சுவர்; காயிலின் வலப்பாதி ஒருவருக்கு, இடப்பாதி ஒருவருக்கு. பற்றாக்குறை கலந்துவிடாமல் ஒருவர் தலையிலேயே முழுதாக விழுகிறது.

சரிக்கட்டிவிட்டு எடைபோட்டு 520 கிராம் ஏற்றிய பிறகு 6-ம் 7-மாக வந்தது. ஆனால் ஏற்றுவதற்கு முன் மெக்கானிக் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை, குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது. கசிவைக் காட்டிக்கொடுக்க முன்பு யாரோ கலந்துவைத்திருந்த சாயம் உள்ளே இருந்தது. புறஊதா டார்ச்சை அடித்ததும், கேஸின் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சரில் குழாய் சேரும் இடத்தில் மஞ்சள்பச்சையாக ஒரு கோடு மின்னியது. அந்த இடத்தில் மட்டும் தூசி எண்ணெய்ப் பசையோடு அப்பியிருந்தது. கேஸோடு கொஞ்சம் கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வரும். இறுகிப்போயிருந்த பச்சை ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினார். பழைய கேஸின் மேலேயே உத்தேசமாகக் கொஞ்சம் அடித்துவிடும் பழக்கம் எனக்கு இப்போது பிடிப்பதில்லை. எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றினால் அளவு மீறவும் கூடும், மீறினால் அழுத்தம் ஏறிக் குளிர் திரும்பக் குறையும். காற்றில் கலந்த அந்த 190 கிராமையும் சும்மா விட முடியாது. நூறாண்டுக் கணக்கில் ஆர்-134ஏ கரியமில வாயுவைப் போல 1430 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெருக்கினால் 270 கிலோ கரியமில வாயுவைத் தாண்டுகிறது. 150 மடங்குக்கு மேற்பட்ட எதையும் புது வண்டிகளில் போடக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடுத்துவிட்டது அதனால்தான்.

எல்லா வண்டிக்கும் விடை கேஸ்தான் என்று சொல்ல வரவில்லை. உங்கள் வண்டியில் குளிர் சமமாக இருந்து சூடு மட்டும் பிரிந்தால் கதை முழுக்கத் தலைகீழ். எஞ்சின் தண்ணீர் குறைந்திருக்கலாம், ஹீட்டர் காயிலில் பாதி அடைத்திருக்கலாம். அங்கும் ஒரு கடைமடை உண்டு. சில வண்டிகளில் கதவுக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒரு தண்ணீர் வால்வு இருக்கும், அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கம் கோடையிலும் கொதிக்கும். கேபின் ஃபில்டர் அடைத்தால் காற்றின் வேகம் குறையுமே தவிர இடம் வலம் பிரியாது. கதவு மோட்டார்தான் குற்றவாளி என்றால், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் கதவைப் போகச் சொன்ன இடமும் அது நின்ற இடமும் பெரும்பாலும் வேறுவேறாகக் காட்டும். நான் அதைக்கூடப் பார்க்காமல்தான் கையுறைப் பெட்டிக்குள் தலையை விட்டேன்.

மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன். ஒன்றும் சொல்லவில்லை. பாதி வழியில் கையை நீட்டி என் துவாரத்தையும் தன் துவாரத்தையும் பழையபடி ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு தன் குமிழை 25-க்குத் திருப்பிக்கொண்டார்.

அந்த டிக் டிக் இன்னும் வருகிறது. அது உள்காற்றா வெளிக்காற்றா என்று மாற்றும் கதவின் மோட்டாராம். இடம் வலம் வித்தியாசத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் பல் நிஜமாகவே உடைந்திருக்கிறது. கையுறைப் பெட்டியை மறுபடி கழற்ற எனக்கு மனம் வரவில்லை. "அது என்ன சத்தம்?" என்று அம்மா கேட்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது.